தட்டு விழுந்தால் ஓட வேண்டும்

அனுசுயா மேடம் ஊதிய விசிலுக்கு ஒருமுறை அரக்கோணம் போகிற ரயில் சிக்னல் இல்லாமலே இரண்டு நிமிடம் நின்றது என்று திருத்தணியில் சொல்வார்கள். ரயில்வே அதை ஒப்புக்கொள்ளவில்லை. மேடம் அதை மறுக்கவில்லை. இருபத்து மூன்று வருடம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர் என்பதால், ஊரில் பாதிப் பேர் ரயில்வேயைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர், மலையடிவாரத்தில் இருக்கும் பெண்பிள்ளைகள் இல்லத்துக்குக் கண்காணிப்பாளராக வந்ததும் செய்த முதல் காரியம், விசிலைப் பீரோவில் வைத்துப் பூட்டியதுதான். சென்னையில் மூன்று நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். வீட்டில் அடியும் உதையும் வாங்கி வருகிற பிள்ளைகளை அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. நல்லது செய்தால் நட்சத்திரம் ஒட்ட வேண்டும். அடம் பிடித்தால் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். கவனித்தால்தானே அடம் வளரும்? எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளைகளுக்கு அமைதி வேண்டும். மேடம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வந்தார். சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு அலுவலகத்தில் மாட்டினார். பிள்ளைகளுக்குக் காலைப் பள்ளி மட்டும்தான் என்பதால், மறுநாளே மதியம் இரண்டு முதல் மூன்று வரை அமைதி நேரம் என்று அறிவித்தார்.

அந்த அமைதியை வார்த்தையில் சொல்வது கஷ்டம். முற்றத்து முருங்கையிலிருந்து ஒரு இலை விழுந்தால் இருபத்தோரு பெண்களும் திரும்பிப் பார்ப்பார்கள். மலைமேலிருந்து தேங்காய் மூடி பொறுக்க இறங்கி வரும் குரங்குகள்கூட ஒன்றே முக்காலுக்கே வந்து மதில்மேல் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். குட்டி ஒன்று கீச்சிட்டபோது தாய்க்குரங்கு வாயில் விரல் வைத்து "உஷ்" என்றதைச் சமையல் கெங்கம்மாள் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். கெங்கம்மாள் பொய் சொல்கிறவள் இல்லை, ரசத்தில் பருப்பு போட்டிருக்கிறேன் என்பதைத் தவிர.

இந்த அமைதிக்குள்தான் புவனா வந்து சேர்ந்தாள்.

பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்பு. பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வீடு. அம்மா காய்ச்சலில் போய் ஏழு வருடம் ஆகிறது. இடது முழங்கை சற்றே கோணல். அப்பா கண்ணையன் முறித்துக் கட்டுப் போட்டு ஒட்டியது. ஏற்கெனவே இரண்டு இல்லங்கள் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பியிருந்தன. இதற்குள் கண்ணையன், "திருந்திவிட்டேன், மகளைக் கொடுங்கள்" என்று மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவுக்கு மனுப் போட்டிருந்தான். இந்த இல்லமும் முடியாது என்று எழுதிவிட்டால், அப்பனிடம் அனுப்பிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று குழு சொல்லிவிட்டது. விசாரணைக்கு ஏழு வாரம் இருந்தது.

காலையில் புவனாவைப் பார்த்தால் இவளையா வேண்டாம் என்றார்கள் என்று தோன்றும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை வாரிவிடுவாள். கணக்கில் புலி. பன்னிரண்டு வயது பிரியங்காவுக்குப் பின்னங்களைச் சப்பாத்தி கிழித்துச் சொல்லிக் கொடுத்து, பிரியங்கா பின்னத்தைவிடச் சப்பாத்தியில் அதிகம் தேறினாள்.

இரண்டு மணி ஆனதும் வேறு ஆள். முதல் நாள் இரண்டு பத்துக்கு எவர்சில்வர் தட்டு ஒன்று மாடிப்படியில் உருண்டு வந்தது. மறுநாள் மூன்று தட்டு. அதற்கு மறுநாள் வாளி.

மேடம் பயிற்சியில் சொன்னபடியே செய்தார். கண்டுகொள்ளவில்லை. பிள்ளைகளிடமும், "யாரும் திரும்பக் கூடாது, எழுந்து போகக் கூடாது" என்று சொல்லி வைத்தார். இருபத்தோரு பெண்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பின்னால் பாத்திரம் பண்டமெல்லாம் ஊர்வலம் போயிற்று. தட்டுக்கு ஒரு கறுப்பு நட்சத்திரம். புவனாவின் அட்டவணையில் இடம் போதாமல் கீழே ஒரு தாள் ஒட்டினார்கள், அதற்கும் கீழே இன்னொன்று. மூன்றாம் வாரம் அது தரையைத் தொட்டது. இனிமேல் ஒட்டுவதென்றால் பள்ளம் தோண்டத்தான் வேண்டும் என்றாள் கெங்கம்மாள்.

இல்லத்தை நடத்துகிற அறக்கட்டளையின் செயலாளர் பரணிதரன் போன் செய்தார்.

"மேடம், நாம நடத்தறது இல்லமா, பாத்திரக் கடையா?"

"சரி பண்ணிடலாம் சார்."

"ரெண்டு எடத்துல சரியாவாதது உங்க கிட்ட சரியாவுமா? முடியாதுன்னு ஒரு வரி எழுதி அனுப்புங்க. நமக்கும் நிம்மதி."

ஒரு வரி எழுதுவது சுலபம். மேடம் பேனாவைக்கூட எடுத்தார். அந்தக் கோணல் முழங்கை நினைவுக்கு வந்து மூடி வைத்தார்.

மனநல ஆலோசகர் நிர்மலா செவ்வாயும் வெள்ளியும் அரக்கோணத்திலிருந்து காலை ரயிலில் வருவாள், ஒரு மணி ரயிலுக்குத் திரும்பிவிடுவாள். அமைதி நேரத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தலை வாரிவிடுகிற புவனாவைத்தான். வீட்டைப் பற்றிக் கேட்டால் அந்தப் பெண் வாயைத் திறக்கவே மாட்டாள்.

"என்னென்ன உடைச்சான்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க மேடம். எப்ப உடைச்சான்னு ஒரு எடத்துலயும் இல்லியே?"

"இதுல எழுத இன்னா இருக்குது? எல்லாம் ரெண்டு மணிக்கு மேலதான்."

"எல்லாமேவா?"

"ஆங். எல்லாமே அமைதி நேரத்துலதான். வேணும்னே பண்றா."

நிர்மலா அந்தப் பக்கங்களை மூடி வைத்தாள். "இந்தப் பொண்ணுக்கு என்ன கோளாறுன்னு நாம கேட்டுகினே இருக்கோம் மேடம். இந்தப் பொண்ணுக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்கணும். சத்தம் அடங்கினா அவ வீட்ல என்ன நடக்கும்?"

"அதை அவ சொல்லணுமே."

"அவ சொல்ல மாட்டா. பக்கத்து வீடு சொல்லும்."

புவனாவின் பழைய பள்ளியிலிருந்து ஒரு சான்று வாங்க வேண்டியும் இருந்தது. மேடம் அடுத்த நாளே பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினார்.

அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் மேடம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் குரல் சின்னது என்று உணர்ந்தார். இரண்டு பக்கமும் வீட்டுக்கு நாலு தறி, ஆறு தறி. தரை அதிர்ந்தது. திண்பண்டக் கடையில் கண்ணாடி ஜாடிக்குள் கடலை மிட்டாய்கள் தாமாகவே நடந்து இடம் மாறிக்கொண்டிருந்தன. அங்கே பெண்கள் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். எதிர் வீட்டில் முணுமுணுத்த மாமியாருக்கு இந்த வீட்டிலிருந்து பதில் போகும்.

கண்ணையன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் வரலட்சுமி லுங்கித் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது. வலது முட்டியில் துணி கட்டியிருந்தது. மேடம் கத்திக் கத்திக் கேட்டதற்கெல்லாம் கையாலேயே "இருங்க" என்று காட்டினாள். மேடம் மோர் குடித்துவிட்டுக் காத்திருந்தார்.

திடீரென்று கரண்ட் போயிற்று.

தெருவே ஒரே மூச்சில் நின்றது. காதில் பஞ்சை வைத்து அடைத்ததுபோல் ஒரு நிசப்தம். தன் அமைதி நேரத்தைப் பற்றிப் பெருமைப்பட்டதெல்லாம் இதன் கால் தூசிக்குக் காணாது என்று மேடத்துக்குத் தோன்றியது. ஆண்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார்கள். வரலட்சுமி மட்டும் தறியை விட்டு எழுந்து, வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுப் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள். பிறகு தானே தலையில் தட்டிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"பழக்கம் மேடம். பொண்ணுதான் இங்க இல்லியே."

"எதுக்கு அப்டி நின்னீங்க?"

"கரண்ட் கீற வரைக்கும் கண்ணையன் பாவா, மாமன் முறை எங்களுக்கு, மனுசன்தான். ரெண்டு கையும் வேலையில இருக்கும். கரண்ட் போச்சின்னா மத்தவங்க டீ குடிக்கப் போவாங்கோ, சீட்டு ஆடப் போவாங்கோ. அவரு ஊட்டுக்குள்ள போவாரு."

"பொண்ணு கத்தாதா?"

"தறி ஓடறப்ப கத்தினா யாருக்குக் கேக்கும்? நின்னாத்தான் கேக்கும். ஆனா கத்தினா வாயப் பொத்திடுவாரு. அதனால அது கையில கெடைச்ச தட்ட எடுத்துத் தெருவுல வீசும். தட்டு விழுந்த சத்தம் கேட்டா நாங்க நாலு பொம்பளைங்க ஓடுவோம். 'இன்னா பாவா, தட்டு விழுந்துச்சே'ன்னு சும்மா கேட்டுகினே உள்ள பூந்துருவோம். ஆளைக் கண்டா கைய எறக்கிடுவாரு. அது இந்தத் தெருவுல வழக்கம் மேடம். சோறு அடுப்புல இருந்தாலும் தட்டு விழுந்தா ஓடணும்."

மேடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "கை ஒடைஞ்ச அன்னிக்கி?"

வரலட்சுமி முட்டியைத் தடவிக்கொண்டாள். "அன்னிக்கி எங்க நாத்தனார் ஊட்டுக் கல்யாணம். தெருவே வேன் புடிச்சிப் போயிருந்துச்சு. வந்து பார்த்தா வாசல்ல எட்டுத் தட்டு கெடக்குது. எட்டு."

திரும்பி வருகிற பஸ்ஸில் மேடம் இல்லத்தில் இதுவரை விழுந்த நாற்பத்தொரு தட்டுகளை எண்ணிக்கொண்டு வந்தார். நாற்பத்தொரு முறை அந்தப் பெண் கூப்பிட்டிருக்கிறாள். நாற்பத்தொரு முறையும் இருபத்தோரு பேரைச் சுவர் பக்கம் திருப்பி உட்கார வைத்து, யாரும் போகாதீர்கள் என்று சொன்னது தான்தான். அதற்கு ஒரு சான்றிதழும் சுவரில் தொங்குகிறது. கே.ஜி.கண்டிகை நிறுத்தத்தில் கண்டக்டர், "இன்னாம்மா, டிக்கெட் எடுத்துட்டு அழுவறீங்க?" என்று கேட்டார். தூசி என்றார் மேடம். ஜன்னல் மூடியிருந்தது.

அமைதி நேரத்தையே எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார். பிரியங்கா அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் வீட்டில் விடிந்தது முதல் சண்டை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் தனக்கு வயிற்று வலி நிற்கிறது என்றாள். நிர்மலாவுக்குப் போன் போட்டார்.

"எடுக்க வேணாம் மேடம். சத்தத்துல அவளை ஒளிச்சு வெச்சா, வெளிய போனப்புறம் என்ன பண்ணுவா? அமைதி அப்டியே இருக்கட்டும். அதுல ஆள் வரணும், அவ்ளோதான்."

அன்று மாலை மேடம் எல்லோரையும் கூட்டி, புவனாவின் எதிரிலேயே, ஒரே ஒரு விதியைச் சொன்னார். தட்டு விழுந்தால் ஓட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, திட்டக் கூடாது, தட்டை எடுக்கக்கூடத் தேவையில்லை. போய் நிற்க வேண்டும். இந்த விதி புவனாவுக்கு மட்டும் இல்லை, இந்த வீட்டில் யார் தட்டைப் போட்டாலும் இதுதான். பிறகு தரையைத் தொட்ட அட்டவணையைக் கிழித்தார். புவனா நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் இரண்டு பத்துக்குத் தட்டு விழுந்தது.

வீடு எழுந்து ஓடியது. பிரியங்கா முதல், மேடம் இரண்டாவது, கரண்டியோடு கெங்கம்மாள் கடைசி. மதில்மேல் இருந்த குரங்குகளும் வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் கூட ஓடி வந்தன. படியடியில் புவனா குந்தி உட்கார்ந்து, வலது கையால் தலையை மூடியிருந்தாள். ஓடுவதற்குத்தான் மேடம் ஏற்பாடு செய்திருந்தார். ஓடிப் போய்ச் சேர்ந்த பிறகு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. மூச்சு வாங்க, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

ரொம்ப நேரம் கழித்துக் கைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"எதுக்கு ஓடியாந்தீங்க?"

"தட்டு விழுந்துச்சே."

"தட்டு விழுந்தா ஓடியாரணுமா?"

"பொதட்டூர்பேட்டையில ஓடியாருவாங்களாமே."

கை இறங்கியது. "யாரு சொன்னா?"

"வரலட்சுமி."

"அந்த அத்தைக்கு முட்டி வலி." புவனாவின் உதடு கோணிக்கொண்டு வந்தது. "அதோடவே ஓடியாரும்."

அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் மூன்று மணி வரைக்கும் அழுதாள். அமைதி நேரம் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால், புவனாவைத் தெரியாது என்று அர்த்தம். அடுத்த நாளிலிருந்து அவள் சோதிக்க ஆரம்பித்தாள். காலை ஆறு மணிக்கு ஒரு தட்டு. ஓடினார்கள். பல் தேய்க்கும்போது ஒரு டம்ளர். நுரையோடு ஓடினார்கள். கெங்கம்மாள் தோசை திருப்புகிற நேரம் பார்த்து ஒரு மூடி. ஒரு நாளைக்குப் பதினொரு முறை. அந்த வாரத்தில் கெங்கம்மாள் ஆறு கிலோ இளைத்தாள். மலைக்கோயிலின் முந்நூற்று அறுபத்தைந்து படியையும் ஒரே மூச்சில் ஏறி, மூச்சு மிச்சம் இருந்ததால் இன்னொரு தரம் இறங்கி ஏறினாள் என்பது பூக்கடைக்காரர்களுக்கெல்லாம் தெரியும்.

"இந்தப் பொண்ணு நம்மள வெச்சி வெளையாடுது மேடம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை வந்த நிர்மலா சிரித்தாள். "வெளையாடல கெங்கம்மா. கணக்குல புலியாச்சே, கணக்குப் பார்க்குறா. எத்தனை தட்டுக்கு எத்தனை தரம் வராங்கன்னு. ஒரு தரம்கூடத் தவறக் கூடாது."

ஒரு தரம் தவறியது.

பத்தாம் நாள். மதியம் இரண்டே கால். செயலாளர் போனில் இருந்தார். கீழே தட்டு விழுந்த சத்தம் மேடத்துக்குக் கேட்டது. புவனாவுக்கு இன்னும் பள்ளிச் சேர்க்கை முடியவில்லை; மற்ற பிள்ளைகள் மதியத் தேர்வுக்குப் போயிருந்தார்கள், கெங்கம்மாள் கடைக்கு. "ஒரு நிமிசம் சார்" என்று சொல்ல மேடம் வாயெடுத்தார், அவர் விடவில்லை. இரண்டாவது தட்டு. "நான் பேசிகினு இருக்கேன் மேடம்," என்றார் பரணிதரன். மூன்றாவதாக விழுந்தது தட்டு இல்லை. ஜன்னல் கண்ணாடி.

மேடம் போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். புவனாவின் உள்ளங்கை கிழிந்து ரத்தம். கண்ணில் ஒன்றுமே இல்லை. மேடத்தை யாரோ போலப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் நாலு தையல். திரும்பி வரும்போது ஆட்டோவில் மேடம் சொன்னார்: "கேட்டுச்சு புவனா. ரெண்டு தட்டும் கேட்டுச்சு. நான்தான் வரல. தப்பு என்னுது."

புவனா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் யாரும் அவளிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "ஆட்டோ ரொம்பக் குலுங்குது," என்றாள்.

அன்று மாலை செயலாளர் மறுபடி பேசினார். "இதுக்கு மேல இன்னா வேணும் மேடம்? கண்ணாடிய ஒடைச்சிட்டா. முடியாதுன்னு எழுதுங்க."

"நடந்ததை எழுதறேன் சார்."

மேடம் எழுதியது இதுதான்: "எவர்சில்வர் தட்டு நூற்று முப்பத்திரண்டு முறை விழுந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது, நான் ஓடாததால்." கீழே கையெழுத்துப் போட்டு, செயலாளர் பார்ப்பதற்கு முன்பே குழுவுக்குத் தபாலில் சேர்த்தார்.

அடுத்த பதினைந்து நாளில் தட்டுகள் குறைந்தன. பதினொன்று ஐந்தாயிற்று, ஐந்து இரண்டாயிற்று. தட்டு டம்ளராயிற்று, டம்ளர் கரண்டியாயிற்று. சில நாள் மறுபடி ஏறியது. கரண்டிக்கும் அதே ஓட்டம்தான்.

வியாழக்கிழமை. திருவள்ளூரில் குழுவின் அறை. தலைவர் வரதராஜன் எதையும் மனத்துக்குள்ளேயே படிக்கிறவர். அவர் படிக்க ஆரம்பித்தால் மின்விசிறியே ஓசைப்படாமல் சுற்றும் என்பார்கள். முதல் பக்கத்தை நிதானமாகப் படிப்பார், இரண்டாம் பக்கத்தை வேகமாக, மூன்றாம் பக்கத்தை அவர் திருப்பிக் குமாஸ்தா இதுவரை பார்த்ததில்லை. பக்கத்தில் அனுபவமுள்ள ஒரு பெண் உறுப்பினர். எதிரே வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, புது மொட்டையோடு கண்ணையன். மொட்டை மலைமேல் போட்டது.

"எம் பொண்ணுங்க. நைனா நான்தானே பாத்துக்கணும்," என்றான் பணிவாக. குரலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

வரதராஜன் அவனுடைய மனுவைக் கையில் எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

அறை அடங்கியது. குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டார். யாரும் இருமவில்லை. இரண்டே கை தூரத்தில் அப்பன். மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த மேடம், புவனாவின் கை மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளரை நோக்கி நகர்வதைப் பார்த்தார். இங்கே அது விழுந்தால், எந்த விளக்கமும் எடுபடாது. அடங்காத பெண் என்று நேரிலேயே பார்த்தாயிற்று என்பார்கள். மேடம் எழுந்து ஓடுவதற்குக் காலைப் பின்னுக்கு இழுத்தார்.

புவனா டம்ளரைப் பிடித்தாள். தூக்கினாள். பிறகு அதை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சார்."

வரதராஜன் நிமிர்ந்தார். அவர் படிக்கும்போது யாரும் குறுக்கே பேசியதில்லை.

"மனசுக்குள்ள படிக்காதீங்க சார். வாய் விட்டுப் படிங்க."

குமாஸ்தாவின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

"ஏம்மா?"

"சத்தமே இல்லாம இருந்தா எனக்குக் கை பரபரன்னுது சார். யாராச்சும் பேசிகினு இருந்தா தாங்கிப்பேன்."

வரதராஜன் அவளைப் பார்த்தார், அந்தக் கோணல் கையைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படித்தார். தன் குரலைத் தானே கேட்டு ரொம்ப நாளாயிற்றுபோல, போகப்போக அது அவருக்கே பிடித்துவிட்டது. முதல் பக்கத்தில் கண்ணையன் வருந்தினான். இரண்டாம் பக்கத்தில் குடியை விட்டான், மொட்டை போட்டான். குரல் எடுபட்ட வேகத்தில் அவர் மூன்றாம் பக்கத்தையும் திருப்பினார்.

"'மேலும் மனுதாரருக்குச் சொந்தமாக நான்கு தறிகள் இருப்பதாலும், தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றக் கூலிக்கு ஆள் வைத்தால் கட்டுப்படி ஆகாததாலும், மேற்படி மகள் முன்பு பள்ளி நேரம் போக அந்த வேலையைச் செய்து வந்திருப்பதாலும், அவளைத் தாமதமின்றி...'"

குரல் நின்றது.

"அதை இன்னொரு தரம் படிங்க சார்," என்றார் பெண் உறுப்பினர்.

இன்னொரு தரம், இன்னும் உரக்கப் படித்தார். வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அது மனு எழுதறவரு எழுதினதுங்க," என்றான் கண்ணையன். "உள்ளதைச் சொல்லுன்னாரு. சொன்னேன்."

"கையெழுத்து?"

"என்னுதுதாங்க."

வரதராஜன் மேடம் பக்கம் திரும்பினார். "உங்க அறிக்கையைப் பார்த்தேன். நூற்று முப்பத்திரண்டு தட்டு, ஒரு கண்ணாடி. இவ்வளவுக்கு மேல உங்களால இந்தப் பொண்ணை வெச்சிக்க முடியுமா? உங்க செயலாளர் வேற மாதிரி சொல்றாரே."

"தட்டு எவர்சில்வருங்க. நசுங்கும், ஒடையாது. நாங்க ஓடப் பழகிட்டோம். வெச்சிக்கிறோம்."

"நீ என்னம்மா சொல்ற?"

புவனா உட்காராமலே நின்றாள். "நான் படிக்கிறேன் சார். தார் சுத்த மாட்டேன்."

குழு தனியாகப் பேசி, அரை மணியில் கூப்பிட்டது. புவனா பதினெட்டு முடிகிறவரை இந்த இல்லத்திலேயே இருப்பாள், படிப்பாள். அவள் விரும்பினால் மட்டும், நிர்மலா கூட இருக்கும்போது அப்பா வந்து பார்க்கலாம். மனு தள்ளுபடி. தீர்ப்பையும் வரதராஜன் வாய்விட்டுத்தான் படித்தார். இரண்டு இடத்தில் ராகம்கூட இழைந்ததாகக் குமாஸ்தா சொல்கிறார்.

வராந்தாவில் கண்ணையன் தூணோரம் நின்றான். கிட்டே வரவில்லை.

"கை வலிக்குதா?"

"மழைக்கு வலிக்கும்," என்றாள் புவனா.

அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றான். வேறு ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். சொல்லவில்லை. படியிறங்கிப் போய்விட்டான். அவன் தெருமுனை திரும்புகிறவரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் பக்கத்தில் நின்றார், அவசரப்படுத்தவில்லை.

பஸ் நிலையத்தில் ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டார்கள். புவனா நாலாவதையும் கேட்டு வாங்கினாள். திருத்தணி பஸ் வந்தது, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"மேடம்."

"ஆங்."

"நாளைக்கி ரெண்டு மணிக்கு எல்லாரும் ஓடியார வேணாம்."

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "சரி கண்ணு."

"கெங்கம்மாக்கா மட்டும் வந்தா போதும்." புவனா யோசித்தாள். "அவங்க கரண்டியோட ஓடியாரது பாக்க நல்லா இருக்கும்."

பஸ் கிளம்பியது.